கொம்பும் காலும்

பூட்டுக்காரருக்கு அந்தப் பெட்டியைத் திறக்க நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. திறந்த பிறகுதான் சிக்கலே ஆரம்பித்தது.

முழங்கை நீளமுள்ள இரும்புப் பெட்டி. அதைக் குழந்தையைப் போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்த அம்மாளுக்கு அறுபதை ஒட்டிய வயது. தோளில் ஒரு துணிப்பை. தைக்கும்போது ஊசி குத்தாமலிருக்க மாட்டும் விரலுறையைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தார்.

"சாவி தொலைஞ்சிருச்சாம்மா?"

"தொலையல தம்பி. வீட்டுக்காரர் இடுப்புக் கயித்துல பத்திரமா இருக்கு. அவர் கண் அசந்த நேரத்துல தூக்கிட்டு வந்துட்டேன்."

பூட்டுக்காரரின் கையிலிருந்த கம்பி நின்றது. அடுத்தவர் பெட்டியில் கை வைப்பதில்லை என்பது அவர் தொழிலுக்கு அவரே போட்டுக்கொண்ட முதல் சட்டம்.

"என் மக உயிரோட இருக்காளா இல்லையாங்கறது இதுக்குள்ளதான் இருக்கு" என்றார் அந்த அம்மாள்.

கம்பி தானாக உள்ளே போயிற்று.

கடையின் பின்பக்கம் ஜன்னல் வெளிச்சத்தில் பூட்டுக்காரருடைய மனைவியின் அண்ணன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார இதழின் குறுக்கெழுத்துப் போட்டிக்கு வாசகர்கள் அனுப்பும் விடை அட்டைகளைச் சரிபார்ப்பது அவருக்கு உத்தியோகம். இருபத்திரண்டு வருடமாக அதேதான். பிழையில்லாத அட்டை வலப்பக்கம் அடுக்கில் போகும். ஓர் எழுத்துத் தவறினாலும் காலடிக் கூடையில் விழும். கூடை நிறைந்ததும் சாயங்காலம் பக்கத்துச் சலவைக் கடை அடுப்புக்குப் போகும். அந்த வட்டாரத்தில் அவரைச் 'சரிபார்ப்பவர்' என்றே கூப்பிட்டார்கள்.

"வந்துட்டாங்கய்யா நம்ம அநாமதேயம்" என்று அவர் ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்தார். "மொத்தமும் சரி. ஒரு மூணெழுத்துல மட்டும், வழக்கம்போல, அம்மா! குறுக்க வர்ற எழுத்தோட ஒட்டுதா ஒட்டலையான்னு பாக்கவே மாட்டாங்க போல. பேரும் போடுறதில்ல." அட்டை கூடையில் விழுந்தது.

"மச்சான், இங்க வேலை நடக்குது. கொஞ்சம் வாயை மூடுங்க."

'க்ளிக்' என்றது பூட்டு. மூடியைத் தூக்கினார்கள். உள்ளே நான்காக மடித்த ஒரே ஒரு துண்டுக் காகிதம். அந்த அம்மாள் அதைப் பிரித்துப் படித்தார். முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. பழகிய இடத்தில் பழகிய அடி விழுந்தால் எப்படி இருக்குமோ அப்படி நின்றார். பிறகு காகிதத்தைப் பூட்டுக்காரரிடம் நீட்டினார்.

'மூளை இருந்தால் இங்கே தேடியிருக்க மாட்டாய்.'

பூட்டுக்காரர் அதை வாய்விட்டுப் படித்ததும் பின்பக்கத்தில் பேனா கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. சரிபார்ப்பவர் எழுந்து வந்து, காகிதத்தை வாங்காமல், எட்ட நின்றே பார்த்தார்.

"இந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். வாராவாரம் சரியான விடை இந்தக் கையெழுத்துலதான் எனக்கு வரும். நீங்க கட்டக்காரர் வீட்டம்மாவா?"

முப்பது வருடமாக அந்த இதழில் குறுக்கெழுத்து அமைப்பவரை வாசகர்கள் அந்தப் பெயரில்தான் அறிவார்கள். நேரில் பார்த்தவர்கள் குறைவு.

"ஆமாங்க" என்றார் அந்த அம்மாள். "மண்டுன்னு சொன்னாதான் எனக்கே திரும்பிப் பாக்கத் தோணும். வீட்டுல அதான் என் பேரு."

ஸ்டூலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்ததும் கதை வந்தது.

ஒரே மகள். ஒன்பது வருடத்துக்கு முன் அவளுக்கு இருபது வயது. அப்பாவின் கட்டம் ஒன்றில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து, விளையாட்டாக இதழுக்கு எழுதிப் போட்டாள். இதழும் அதை அச்சிட்டுவிட்டது.

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார் சரிபார்ப்பவர். "முப்பது வருஷத்துல அந்த ஆள் விட்ட ஒரே தப்பு."

"அன்னைக்கே வாசலைக் காட்டிட்டார். நான் ஒரு துணிக்கடைக்குத் தைச்சதைக் குடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தா பிள்ளை இல்ல. கடல் தாண்டிப் போயிட்டா, ஒரு கடிதாசுகூடப் போட மாட்டா, உன்னைத் தலைமுழுகிட்டான்னார். நம்புனேன். நாலு மாசம் முன்னாடி அவர் விழுந்து இடுப்பெலும்பை உடைச்சுக்கிட்டார். சோறு ஊட்டுறதுலேர்ந்து கழுவி விடுறது வரைக்கும் நான்தான். ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டேன். அவ இருக்காளா, போயிட்டாளா, அதை மட்டும் சொல்லுங்கன்னு. ஒரு வாரம் பேசாம இருந்தார். அப்புறம் இதைக் குடுத்தார்."

துணிப்பையிலிருந்து பைண்டு செய்த இரண்டு வால்யூம்கள் மேசைக்கு வந்தன, பின்னாலேயே ஒரு கெட்டித் தாள். கையால் வரைந்த சின்னக் கட்டம்; அதில் நான்கு கட்டங்களில் மட்டும் குறுக்குக்கோடு. கீழே ஏழு குறிப்புகள்.

"நீ கேட்டதுக்கு விடை இதுக்குள்ள இருக்கு, ஏழையும் போட்டா தெரியும்னார். எனக்குக் கட்டமே தெரியாது. அவரோட பழைய வால்யூமை எல்லாம் எடுத்து வச்சு, மூணு மாசம், அடுப்பு பத்த வச்சுட்டு ஒண்ணு, ஜாக்கெட்டுக்குக் கொக்கி வச்சுட்டு ஒண்ணுன்னு கத்துக்கிட்டேன்."

"மூணு மாசத்துலயா?" சரிபார்ப்பவரின் புருவம் உயர்ந்தது. "இதெல்லாம் நீங்களே போட்டதா?"

"ஏழும் போட்டேன். ஏழாவது 'பெட்டி'ன்னு வந்துச்சு. அதான் பெட்டியைத் தூக்கிட்டு வந்தேன்."

"அந்த ஆளை ஒரு சாத்து சாத்தினா எட்டாவதும் வந்துரும்" என்றார் பூட்டுக்காரர். அவருக்குப் பல்லைக் கடிக்கும் பழக்கம் உண்டு. "படுத்துக் கிடக்கிறவர்தானே? போய் அலமாரி, பரண் எல்லாத்தையும் உடைச்சுப் பாத்துரலாம் மச்சான்."

"உடைக்கிறதுக்கு முன்னாடி படிப்போம் மாப்பிள்ளை. அம்மா, ஒண்ணாவதுலேர்ந்து நீங்களே விளக்குங்க. நான் கேக்குறேன்."

இந்த வகைக் குறிப்பில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு பாதி உண்டு. ஒரு பாதி விடையின் பொருள். மறு பாதி அந்த விடையை எழுத்தெழுத்தாகக் கட்டும் வேலை. எது எந்தப் பாதி என்று தெரியாதபடி தைத்து மூடியிருப்பார்கள். தையல் தெரிந்தவருக்கு அதைப் பிரிப்பது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

"'மதுவின் தலை, பின்னாலேயே இன்னொரு மது, பெற்றவர் சுமை.' மூணெழுத்து" என்று அந்த அம்மாள் விரலை வைத்துப் படித்தார். "மதுவோட தலை 'ம'. இன்னொரு மது 'கள்'. சேத்தா மகள். ரெண்டாவது, 'பொன்னில் பாதி போயிற்று, கை மிச்சம்; பின்பிறந்தவள்.' பொன்னுன்னா தங்கம். அதுல நாலெழுத்து. பாதி போனா 'தங்'. கையைச் சேத்தா தங்கை. என் தாலிக்கொடியைத் தவிர எல்லாத்தையும் அவர் வித்ததைத்தான் சொல்லிக் காட்டுறார்."

"மூணாவது?"

"'வீட்டின் பின்னே விதி தொடங்கியது, கட்டிக்கொண்டது.' வீடுன்னா மனை. விதியோட தொடக்கம் 'வி'. மனைவி. நாலாவது, 'பொறியின் தலையைக் கொய்து அகரம் வை, கொழுந்தனுக்கு எடுபிடி.' பறவை பிடிக்கிற பொறி, கண்ணி. 'க'வை வெட்டிட்டு 'அ' வச்சா அண்ணி. அஞ்சாவது சுலபம். 'அத்தைலத்தில் ஒளிந்திருப்பாள், அண்ணன் பிள்ளைகளுக்கு.' அத்தைலம்கிற வார்த்தைக்குள்ளயே அத்தை உக்காந்திருக்கா."

"ஆறாவது ரெண்டெழுத்தா?"

அந்த அம்மாள் சற்றுத் தயங்கினார். "'கொடு, நாயின் வாலோடு, பெற்றவள்.' கொடுன்னா தா. நாயின் வால், கடைசி எழுத்து 'ய்'. தாய்."

வாசலில் ஒரு சைக்கிள் மணியடித்துப் போயிற்று. பூட்டுக்காரரின் பல் நறநறத்தது.

"ஏழாவதை நான் படிக்கிறேன்" என்றார் சரிபார்ப்பவர். "'ஆடு அடைக்கும் இடத்துக்குக் கொம்பு முளைத்தது, உள்ளே கதை நிறைய.' ஆடு அடைக்கிற இடம் பட்டி. 'ப'வுக்கு முன்னாடி ஒரு கொம்பு போட்டா 'பெ'. பெட்டி. கணக்குப்படி நீங்க போட்டது சரிதாம்மா. ஒரு அட்டையில இப்படி எழுதி வந்திருந்தா நானே சரின்னு போட்டிருப்பேன்."

"அப்புறம் ஏன் பெட்டி காலியா இருக்கு?" என்றார் பூட்டுக்காரர்.

"அதைத்தான் பாக்குறேன். இந்த ஆறையும் வரிசையா சொல்லிப் பாருங்க மாப்பிள்ளை."

"மகள், தங்கை, மனைவி, அண்ணி, அத்தை, தாய். எல்லாம் உறவு."

"யாரோட உறவு?"

"எல்லாமே நான்தாங்க" என்றார் அந்த அம்மாள். "வயசு வரிசையில போட்டிருக்கார். முதல்ல மகளாப் பொறந்தேன், அண்ணனுக்குத் தங்கை ஆனேன். கல்யாணம். அண்ணன் பிள்ளை பொறந்தப்புறம்தான் எனக்குப் பொறந்தா."

"ஒரு கட்டத்துக்குக் கருப்பொருள்னு ஒண்ணு எடுத்துக்கிட்டா அந்த ஆள் அதுலேர்ந்து ஒரு சொல்கூட விலக மாட்டார். மீன்னா எல்லாம் மீன், பறவைன்னா எல்லாம் பறவை. உறவுகளுக்கு நடுவுல அவர் பெட்டியை வைப்பாரா? அதுவும் கடைசியில?" அவர் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். "இங்க பாருங்க, 'கொம்பு'ங்கற வார்த்தை மட்டும் நெருக்கியடிச்சு எழுதியிருக்கு. மையும் ஊறிப் பரவியிருக்கு. பிளேடால சுரண்டுன இடத்துல எழுதினா அப்படித்தான் பரவும். முதல்ல இருந்தது சின்ன வார்த்தை. பக்கத்துல 'இடத்துக்குக்'னு 'க்' போட்டிருக்கார், அதனால அதுவும் ககர வரிசையில ஆரம்பிச்சிருக்கணும். பள்ளிக்கூடத்துல எழுத்துக்குக் கொம்பு போடச் சொல்லிக் குடுத்தவங்க, வேற என்ன போடச் சொல்லிக் குடுத்தாங்க?"

"கால்!" என்றார் பூட்டுக்காரர். "துணைக்கால்!"

"பட்டிக்குக் கொம்பு முளைச்சா பெட்டி. பட்டிக்குக் கால் முளைச்சா?"

பூட்டுக்காரருக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. பரீட்சையில் முந்திக்கொள்ளும் பையனைப் போலக் கையையே உயர்த்திவிட்டார். "பாட்டி! உள்ளே கதை நிறைய! தாய்க்கு அப்புறம் பாட்டி! வரிசையும் சரியா..."

அப்போதுதான் அவர் எதிரே இருந்த முகத்தைப் பார்த்தார். உயர்த்திய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நானா?" என்றார் அந்த அம்மாள்.

"நீங்கதான்மா" என்றார் சரிபார்ப்பவர் நிதானமாக. "ஒரு கடிதாசும் வரலைன்னா, உங்களுக்குப் பேரக் குழந்தை இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்? கடிதாசு வந்திருக்கு. உங்க முகத்துக்கு நேரா நீ பாட்டியாயிட்டேன்னு எழுதி நீட்டிட்டு, அது உங்களுக்குப் புரியாம இருக்கிறதை ரசிக்கணும்னு முதல்ல நினைச்சிருக்கார். அப்புறம் பயம் வந்து சுரண்டியிருக்கார். காலியான பெட்டியைத் தூக்கிட்டு நீங்க அலையறதும் அவருக்கு ஒரு ரசனைதான்."

அந்த அம்மாள் விரலுறையைக் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினார். "கடிதாசு எங்க?"

"கட்டத்துல நாலு கட்டம் கறுப்படிச்ச மாதிரி கோடு போட்டிருக்கே. அதுல என்ன எழுத்து வருது?"

"அதையும் எழுதி வச்சிருக்கேன். த், தை, தா, ய். அத்தையில ரெண்டு எழுத்து, தாயில ரெண்டு. என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டேன். த்தைதாய்னு ஒரு வார்த்தையே கிடையாதே?"

"கிடையாது. புள்ளி வச்ச எழுத்துல எந்தத் தமிழ் வார்த்தையும் ஆரம்பிக்காது. அதனால நீங்க படிச்ச திசைதான் தப்பு. கட்டத்துல அத்தையை மேலேர்ந்து கீழே எழுதியிருக்கார். கோடு போட்டதைக் கீழேர்ந்து மேலே படிங்க. முதல்ல தை, அப்புறம் த். அதோட தாய்."

"தை... த்... தாய்." அந்த அம்மாள் நிமிர்ந்தார். "தைத்தாய்."

"நீ தைத்தாய். குறிப்புல பொய் சொல்ல மாட்டேங்கறது அந்த ஆளோட கர்வம். விடை உள்ள இருக்குன்னார், இருக்கு. மண்டுதானேன்னு நம்பி வச்சிருக்கார். அவருக்காக நீங்க என்ன தைச்சீங்க?"

"சட்டை, தலையணை உறை, போர்வை... ஒன்பது வருஷத்துல எவ்வளவோ தைச்சேன். எல்லாத்தையும் துவைக்கிறதும் நான்தான். ஒரு காகிதம் இருந்தா கைக்குத் தெரியாதா?"

பூட்டுக்காரருக்குத் தன் அவசரத்தை நினைத்துக் கூச்சமாக இருந்தது. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. துணிப்பையிலிருந்து மேசைக்கு வந்திருந்த இரண்டு வால்யூம்களையும் எடுத்து அடுக்கினார். வருடத்துக்கு ஒன்றாக, அந்தந்த வருடத்துக் கட்டங்களை இதழிலிருந்து கத்தரித்துச் சேர்த்த தொகுப்புகள். அடுக்கியவர் நின்றார். சாவி செதுக்குகிறவர் விரலுக்கு ஒரு குண்டூசிக் கனம்கூடத் தெரியும். மேசையிலிருந்து தடிமன் அளக்கும் கவையை எடுத்து ஒன்றின் அட்டையைக் கவ்விப் பார்த்தார். மற்றதையும் பார்த்தார்.

"மச்சான், இந்தப் பதினஞ்சு வருஷத்துப் பழசு ரெண்டு மில்லிமீட்டர். அஞ்சு வருஷம் முன்னாடி உள்ளது நாலரை. அட்டை ஏன் இப்படிக் கொழுத்துக் கிடக்கு?"

சரிபார்ப்பவர் கேள்வியை அந்த அம்மாளிடம் திருப்பினார். "இதை பைண்டு பண்றது யாரு?"

"அட்டையை அவர் ஒட்டித் தருவார். நான்..." குரல் இறங்கிப்போயிற்று. "நான்தான் தைப்பேன். வருஷா வருஷம். தடிச்ச நூல் வச்சு."

"மீதி எங்க?"

"வீட்டுல. நாளைக்குக் காலைல பழைய பேப்பர்காரரை வரச் சொல்லியிருக்கார். நீயே உன் கையால எடுத்துப் போடுன்னார்."

கட்டக்காரர் வாசல் ஜன்னலை ஒட்டிய கட்டிலில் சாய்ந்திருந்தார். மடியில் பூதக்கண்ணாடி, எட்டும் தூரத்தில் ஒரு கைத்தடி. தபால்காரர் அந்த ஜன்னல் வழியாகத்தான் தினமும் கட்டுக் கட்டாக வாசகர் கடிதங்களைப் போடுவார். அவற்றில் ஒன்றைப் பிரித்தெடுத்து ஒளிப்பது எவ்வளவு சுலபம் என்று பூட்டுக்காரருக்கு நுழையும்போதே விளங்கிவிட்டது.

"மண்டு, யாரிது ரெண்டு பேரு? பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்துட்டியா? உள்ள இருந்ததைப் படிச்சியா?"

"ஐயா, நான் உங்க அட்டைகளைச் சரிபாக்குறவன்" என்றார் சரிபார்ப்பவர்.

"ஓ, அந்தத் தப்புப் பொறுக்கியா? ஏழையும் போட்டுட்டாளா?"

"போட்டுட்டாங்க. கொம்பை எடுத்துட்டுக் காலையும் வச்சுட்டாங்க."

கட்டக்காரரின் சிரிப்பு நின்றது. ஒரே ஒரு கணம்தான். அதற்குள் அந்த அம்மாள் துணிப்பையிலும் அலமாரியிலும் இருந்த வால்யூம்களைத் தரையில் இறக்கித் தன் சின்னக் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். தான் போட்ட தையலைத் தானே பிரித்தார். முடிச்சு எங்கே இருக்கும், எந்த நூலை இழுத்தால் வரிசையாக விடுபடும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. அட்டை இரண்டாகப் பிளந்தது. நடுவில் தட்டையாகப் படுத்திருந்தன கடிதங்கள். ஓர் அட்டையில் மூன்று, மறு அட்டையில் மூன்று. அடுத்தடுத்த வால்யூம்களிலும் அதே; ஒன்றில் மட்டும் ஒன்று குறைவு. ஏழு வால்யூமில் நாற்பத்தோரு கடிதங்கள்.

ஒவ்வொரு கடிதத்தின் மேல்மூலையிலும் ஓர் ஓட்டை இருந்தது. நேர்க்கோடு பிசகாமல், கட்டம்போல, சதுரமாக வெட்டிய ஓட்டை.

"விலாசம் எல்லாம் அடுப்புக்குப் போயிடுச்சு" என்றார் கட்டக்காரர். "நீதான் அடுப்பு மூட்டினே. குளிரா இருக்குன்னு கிட்ட வந்து கைகூடக் காட்டினே."

பூட்டுக்காரர் ஓரடி முன்னே வைத்தார். சரிபார்ப்பவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி ரெண்டு வால்யூமைப் பிரிச்சியா?" கட்டக்காரருக்குக் குரலில் தெம்பு திரும்பியிருந்தது. "அதுல ஒண்ணும் இருக்காது. ரெண்டு வருஷமா உன் பொண்ணு எழுதல. செத்துக்கித்துப் போயிட்டாளோ என்னவோ. பாவம், நாற்பத்தோரு தடவை அம்மா அம்மான்னு கூப்பிட்டா. நீ ஏன்னு கேக்கல பாரு."

அந்த அம்மாளின் கத்தரிக்கோல் கீழே விழுந்தது. கடைசிக் கடிதத்தைப் படிக்க அவருக்குக் கண் ஒத்துழைக்கவில்லை. சரிபார்ப்பவர் வாங்கி வாசித்தார்.

"'அம்மா, நான் வாசலில் வந்து நின்றால் நீ விஷம் குடிப்பாய் என்று அப்பா எழுதியிருந்தார். அதனால்தான் வரவில்லை. உன் பேத்திக்கு நான்கு வயது முடிகிறது. ஊசியில் நூல் கோக்கும்போது உன்னைப் போலவே நாக்கைக் கடிக்கிறாள். இனி வீட்டுக்கு எழுத மாட்டேன். அப்பாவின் கட்டத்தில் எழுதுகிறேன். வாராவாரம், எல்லாவற்றையும் சரியாகப் போட்டுவிட்டு, மூன்றெழுத்தில் ஒன்றை மட்டும் தப்பாகப் போடுவேன். அதைப் பார்க்கிறவர்களில் யாராவது ஒருவர், இது ஏன் எப்போதும் இப்படித் தப்பாக இருக்கிறது என்று ஒரு நாள் கேட்க மாட்டார்களா?'"

வாசித்து முடித்தவர் அதே வரியை இன்னொரு முறை மனத்துக்குள் வாசிப்பது பூட்டுக்காரருக்குத் தெரிந்தது. உதடு அசைந்தது. முகத்தில் ரத்தம் வற்றிக்கொண்டே வந்தது.

கட்டக்காரர் அதை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு வருஷம். நூறு அட்டையாவது இருக்கும். நான் ஒண்ணைக்கூடத் தொடல. எனக்கு வேலையே வைக்காம நீதானேப்பா தூக்கிப் போட்டே? தப்புன்னா தப்புதான். விதின்னா விதிதான். நல்ல வேலைக்காரன்!"

சரிபார்ப்பவர் மெதுவாகத் திரும்பினார்.

"மாப்பிள்ளை, கூடை?"

"சாயங்காலம்தான் மச்சான் கொட்டுவேன். ஆனா அந்தச் சலவைக் கடைக்காரன் சில நாள் அவனே வந்து அள்ளிட்டுப் போயிருவான்..."

அந்த அம்மாள் எழுந்துவிட்டிருந்தார். நாற்பத்தோரு கடிதங்களையும் துணிப்பையில் போட்டார். கட்டம் வரைந்த தாளைக் கட்டிலில் வைத்து, ஏழாவது விடையில் கொம்பை அடித்துக் காலைப் போட்டு, கணவரின் நெஞ்சின் மேல் வைத்தார்.

"ஏழும் போட்டாச்சுங்க."

"மண்டு, எங்க போற? தலையணை சரிஞ்சு கிடக்கு. ஏய்! தண்ணியை இப்படி நகத்தி வச்சுட்டுப் போ. ஏய், உன்னைத்தான்!"

அந்தப் பெயருக்கு அன்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று தெருவையும் பூட்டுக்காரர் ஓடியே கடந்தார். கடைக்குள் நுழைந்தபோது சலவைக் கடைக்காரர் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார். பூட்டுக்காரர் அதைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தார். "என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி?" என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மற்ற இருவரும் வந்து சேர்ந்தார்கள்.

முந்நூறு அட்டைக்குக் குறையாது. மூவரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். இரண்டு வருடம் நிதானமாகத் தூக்கிப் போட்ட கை இப்போது அவசரப்பட்டது. அதற்குத்தான் அந்த அட்டை முதலில் கிடைத்தது. வாராவாரம் பார்த்த கையெழுத்து அல்லவா. சரிபார்ப்பவர் அதை அந்த அம்மாளிடம் கொடுக்குமுன், பழக்கம் விடாமல், ஒருமுறை மேலிருந்து கீழே சரிபார்த்தார்.

"பதினெட்டு விடை. பதினேழு சரி. பதினொண்ணாவதுக்கு வரவேண்டியது 'கடல்'. எழுதியிருக்கிறது 'அம்மா'. நான் தப்புன்னு போட்டேன். நூறு தடவை போட்டேன். ஏன்னு ஒரு தடவை கேட்டிருந்தா போதும், கேக்கல. இதுதான் சரியான விடை." அவர் அட்டையைத் திருப்பினார். "அனுப்பினவங்க பேர் இல்ல. விலாசம் இருக்கு. கடல் தாண்டியெல்லாம் இல்லம்மா. இதே ஊர். நூலகத்துக்குப் பின்தெரு, பதினாலாம் எண், மாடி. இங்கேர்ந்து பஸ்ஸுல ஏறினா பதினோராவது நிறுத்தம்."